முகம் தெரிய வேண்டுமா, வழி தெரிய வேண்டுமா?

நிலவில் மனிதன் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு புகைப்படம்தான். 1969 ஜூலையில் எடுத்தது. பஸ் ஆல்ட்ரின் கேமராவைப் பார்த்து நிற்கிறார். இடது கை லேசாக மடங்கியிருக்கிறது. காலடியில் சாம்பல் நிற மண். மனிதகுலத்தின் மிகப் பிரபலமான உருவப்படங்களில் ஒன்று அது. ஆனால் அதில் முகம் இல்லை. ஹெல்மெட்டின் தங்கப் பூச்சுள்ள வைசர் கீழே இறங்கியிருக்கிறது. அந்த வளைவில் தெரிவது படம் எடுத்துக்கொண்டிருக்கும் நீல் ஆர்ம்ஸ்ட்ராங், பின்னால் அவர்கள் வந்திறங்கிய கலம், கொடி, பிறகு ஆல்ட்ரினின் சொந்த நிழல்.

இதே காட்சியை ஒரு சினிமா தயாரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "முகம் எங்க சார்?" அதில் தப்பும் இல்லை. சம்பளம் வாங்குவது முகம். அழுவது முகம். டிக்கெட் வாங்கி வந்தவர் பார்க்க விரும்புவதும் முகம். ஆகவே சினிமாவின் விண்வெளி ஹெல்மெட் ஒவ்வொன்றும் நாசாவின் ஹெல்மெட்டுக்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. நாசாவின் கண்ணாடி உள்ளே இருப்பவர் வெளியே பார்ப்பதற்கு. சினிமாவின் கண்ணாடி வெளியே இருப்பவர் உள்ளே பார்ப்பதற்கு.

இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சில படங்களைத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றியது. வைசரை எப்படிப் பளபளப்பாக்குவது, கீறலை எப்படி எடுப்பது, மூச்சுப் பனியை எப்படி விரட்டுவது என்று காஸ்ட்யூம் செய்பவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். கைவினைக்காரர்களின் பேச்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குள் விமர்சனத்துக்கான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தெளிவு என்றால், யாருக்குத் தெளிவு?

*

கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், டிரேசிங் பேப்பர் அளவுக்குத்தான்.

ஒளிபுகும் பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் கூடங்களில் "தெளிவாக இருக்கிறது" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க மாட்டார்கள். குறைந்தது மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, விழும் வெளிச்சத்தில் எவ்வளவு மறுபக்கம் வருகிறது. நல்ல அக்ரிலிக் என்றால் 92 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு பரப்புகளிலும் பட்டுத் திரும்பிவிடுகிறது, ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதம். இரண்டாவது, மறுபக்கம் வந்த வெளிச்சத்தில் எவ்வளவு பாதை மாறிச் சிதறுகிறது. ஏஎஸ்டிஎம் டி1003 என்ற சோதனை முறையில் 2.5 டிகிரிக்கு மேல் விலகிப்போகும் வெளிச்சத்தின் சதவீதத்துக்கு 'ஹேஸ்' என்று பெயர். நாம் மங்கல் என்று வைத்துக்கொள்வோம். இது கூடினால் காட்சி பால் ஊற்றியதுபோல வெளிறும். மூன்றாவது, அந்த 2.5 டிகிரிக்குள்ளேயே நடக்கும் சின்னச் சின்ன விலகல்கள். இவை காட்சியை வெளிறச் செய்யாது. ஆனால் விளிம்புகளைக் கரைத்துவிடும். இந்த மூன்றாவதுக்குத்தான் அந்தத் துறையில் 'கிளாரிட்டி' என்றே பெயர்.

இப்போது ஒரு டிரேசிங் பேப்பரை எடுத்துச் செய்தித்தாள் மேல் ஒட்டினாற்போல வையுங்கள். எழுத்துகளைச் சுலபமாகப் படிக்கலாம். அதே பேப்பரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பாருங்கள். ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை. பேப்பர் மாறவில்லை. கண்ணும் மாறவில்லை. சிதறடிக்கும் பரப்புக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் இடையில் உள்ள தூரம் மட்டும் மாறியிருக்கிறது.

ஹெல்மெட்டில் இதுதான் நடக்கிறது. ஒரு வைசர், தன் வழியாகப் போகும் கதிரை 2 டிகிரி திருப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே நிற்பவர் பார்ப்பது முகத்தை. அது வைசருக்குப் பின்னால் 6 சென்டிமீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 2 டிகிரி விலகல் என்பது சுமார் 2 மில்லிமீட்டர் கலங்கல். மூக்கும் கண்ணும் நன்றாகவே தெரியும். உள்ளே இருப்பவர் பார்ப்பது 5 மீட்டர் தள்ளியுள்ள ஒரு படிக்கட்டை. அங்கே அதே 2 டிகிரி, 17 சென்டிமீட்டர் கலங்கலாகிவிடுகிறது. ஒரு படியின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஒரே கண்ணாடி, ஒரே கீறல். வெளியே இருப்பவருக்கு முகம் சுத்தமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவருக்குப் படி தெரியவில்லை. நம்பிக்கையில்லாதவர்கள், நாலு வருஷம் ஓடித் தேய்ந்த பைக் ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி வழியாக ஓட்டுபவரின் முகம் சிக்னலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். இரவில் எதிரே ஒரு லாரி ஹைபீம் போட்டு வந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு கீறலும் ஒரு மத்தாப்பு.

ஆக, முகத்தைக் காட்டுவது மலிவு. வழியைக் காட்டுவதுதான் செலவு பிடிக்கும் வேலை. சினிமா எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

*

காஸ்ட்யூம் ஹெல்மெட் செய்கிறவர்கள் இந்தச் செலவோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தனியாகவே ஓர் அழகான வேலை.

பெரும்பாலான வைசர்கள் தட்டையான பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, இளகியதும் ஓர் அச்சின் மேல் இழுத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிச் செய்யப்படுகின்றன. பிரச்சினை அங்கேயே ஆரம்பம். இளகிய பிளாஸ்டிக் எதைத் தொட்டாலும் அதன் தடத்தை வாங்கிக்கொள்ளும். அச்சில் ஒரு தூசி இருந்தால் வைசரில் ஒரு பரு. பாலிகார்பனேட் என்றால் இன்னொரு தொல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 120 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காக உலர்த்தாமல் நேரடியாகச் சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ஷீட் முழுக்கக் குமிழிகள். அதனால்தான் வீட்டிலேயே செய்பவர்கள் பலரும் பெட்ஜி ஷீட்டுக்குப் போகிறார்கள். அதில் இந்த உலர்த்தும் வேலை பெரும்பாலும் இல்லை.

மிகத் தெளிவான குவிமாடம் வேண்டுமென்றால் அச்சையே விட்டுவிடுவார்கள். இளகிய அக்ரிலிக் ஷீட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு காற்றை ஊதி பலூன்போல உப்பவைப்பார்கள். நடுப்பகுதி எதையும் தொடுவதில்லை. எதுவும் தொடாததால் எந்தத் தடமும் இல்லை. ஆனால் இந்த முறையில் வட்டக் குமிழி தவிர வேறு வடிவம் சுலபத்தில் கிடைக்காது.

செய்து முடித்த பிறகு கீறலும் மங்கலும் இருந்தால் தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்ப்பு. 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை எடுத்துத் தன் கீறலைப் போடும். அவசரப்பட்டு ஒரு எண்ணைத் தாண்டினால் கடைசியில் பாலிஷ் போடும்போது பழைய கீறல் பல்லைக் காட்டும். ஸ்கேல் மாடல் செய்பவர்களிடம் இன்னொரு வழி உண்டு. குட்டி விமானத்தின் ஒளிபுகும் கூரையை அக்ரிலிக் தரை பாலிஷில் முக்கி எடுத்து, தூசி படாமல் காயவைப்பார்கள். அமெரிக்காவில் 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் விற்ற தரை பாலிஷ் இப்படித்தான் தரையை விடப் பொம்மை விமானங்களால் புகழ்பெற்றது. சங்கதி எளிமையானது. பாலிஷ் கீறலின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் ஒளிவிலகல் எண் பிளாஸ்டிக்கினுடையதற்குப் பக்கத்தில் இருப்பதால், ஒளிக்கு அங்கே ஒரு பள்ளம் இருந்ததே தெரிவதில்லை. சொரசொரப்பான குளியலறை ஜன்னலில் செல்லோடேப் ஒட்டினால் அந்த இடம் மட்டும் தெளிவாவதும் இதே வித்தைதான்.

இவ்வளவும் செய்த பிறகு அந்த ஹெல்மெட்டை எப்படிச் சோதிப்பார்கள்? விளக்கு வெளிச்சத்தில் மேசைமேல் வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். பளபளவென்று இருக்கும். இங்கேதான் நான் சொல்ல வரும் விஷயம் ஒளிந்திருக்கிறது. கையால் தேய்த்துத் தேய்த்து மங்கலை எடுத்திருப்பார்கள், ஆனால் தேய்த்த கை ஓர் இடத்தில் அழுத்தமாகவும் இன்னோர் இடத்தில் லேசாகவும் போயிருக்கும். பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். அச்சில் இழுபட்ட ஷீட் ஆழமான இடத்தில் மெலிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மோசமான லென்ஸ் ஆகிவிடும். மேசைமேல் இருக்கும்போது இது தெரியவே தெரியாது. போட்டுக்கொண்டு தரையின் டைல்ஸ் கோடுகளைப் பார்த்துத் தலையைத் திருப்பினால் கோடுகள் பாம்புபோல நெளியும். மங்கல் இல்லை, ஆனால் தெளிவும் இல்லை. வெளியே இருந்து பார்த்துப் பாராட்டும் எவருக்கும் இந்தக் குறை தெரியப்போவதில்லை.

*

இனி படங்களுக்கு வரலாம்.

ரிட்லி ஸ்காட்டின் 'புரோமிதியஸ்' (2012) படத்தில் குமிழி ஹெல்மெட்டுக்குள்ளேயே விளக்குகள் இருக்கின்றன. இருட்டுக் குகையில் நடக்கும் ஒவ்வொரு முகமும் நகைக்கடை ஷோகேஸில் வைத்ததுபோல ஜொலிக்கிறது. அதே இயக்குநரின் 'தி மார்ஷியன்' (2015) படத்திலும் இதே ஏற்பாடு. பார்க்க நன்றாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரவு பஸ்ஸில் போயிருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் உள்ள சிக்கல் தெரியும். உள்ளே லைட் எரிந்தால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும், வெளியே இருக்கும் ஊர் தெரியாது. அதனால்தான் டிரைவர் முன்பக்க லைட்டை அணைக்கச் சொல்வார். நான் மேலே சொன்ன அந்த 4 சதவீதம்தான் காரணம். பகலில் அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே இருட்டாகி உள்ளே வெளிச்சமானால் அந்த 4 சதவீதம் வெளியுலகத்தையே தோற்கடித்துவிடும்.

அப்படியானால் 'புரோமிதியஸ்' குகைக்குள் போகும் அந்த விஞ்ஞானிகள் உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது எதை? தங்கள் முகத்தை. படம் என்னவோ மனிதன் தன்னைப் படைத்தவரைத் தேடிப் போகும் கதை. தேடிப் போகிறவர்களை, தங்கள் பிம்பத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படம் உணர்ந்து செய்திருந்தால் எவ்வளவு பெரிய முரணாக இருந்திருக்கும்! ஆனால் கேமரா ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நின்று கேட்பதில்லை. வெளியே நின்று முகங்களை ரசிப்பதோடு அதன் ஆர்வம் முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தின் பாத்திரங்கள் எதையுமே சரியாகப் பார்க்காமல் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று பலரும் குறை சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான். பாவம், லைட்டை யாராவது அணைத்திருக்கலாம்.

டேனி பாயிலின் 'சன்ஷைன்' (2007) இதற்கு மறுகோடி. சூரியனை நோக்கிப் போகும் கதை என்பதால் உடை முழுக்கத் தங்க நிறம். ஹெல்மெட்டில் குமிழியும் இல்லை, அகலமான கண்ணாடியும் இல்லை. கிடைமட்டமாக ஒரு கீற்று மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. யார் யாரென்றே குழம்பும். வணிக சினிமாவுக்கு இது தற்கொலைக்குச் சமம். பாயில் என்ன செய்தார் என்றால், கேமராவை ஹெல்மெட்டுக்குள் கொண்டுபோனார். முகத்துக்கு முன்னால், மூக்கில் இடிக்காத குறையாக. மூச்சு, வியர்வை, கண்ணில் விழும் அந்த ஒரு கீற்று வெளிச்சம். தலைவன் கனேடா வெப்பக் கேடயத்தின் மேல் தனியாக நிற்கும் காட்சியில் நாம் அவரை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, கூடவே மாட்டிக்கொள்கிறோம். கண்ணாடியைத் தெளிவாக்கியிருந்தால் இந்தக் காட்சி செத்திருக்கும். பார்வையைச் சுருக்கியதால் அந்த மனிதர் எதைப் பார்க்கிறார் என்பது நமக்கு முக்கியமாகிவிடுகிறது.

அல்ஃபோன்சோ குவாரோனின் 'கிராவிட்டி' (2013) எடுத்த முடிவு இன்னும் விசித்திரம். வைசர் அழுக்கானால் சிக்கல், பிரதிபலித்தால் படப்பிடிப்புக் குழு தெரியும். சரி, வைசரே வேண்டாம். நடிகர்கள் கண்ணாடி இல்லாமலேயே நடித்தார்கள். கண்ணாடி பிறகு கணினியில் வந்தது. காஸ்ட்யூம் செய்பவர்கள் கனவு காணும் நூறு சதவீதத் தெளிவு அது. மங்கல் பூஜ்ஜியம், கீறல் பூஜ்ஜியம்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். எதையெல்லாம் ஒழிக்கக் கைவினைக்காரர்கள் உப்புத்தாளும் கையுமாக அலைகிறார்களோ, அதையெல்லாம் கணினிக் கலைஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார்கள். பிரதிபலிப்பு சேர்த்தார்கள். சாண்ட்ரா புல்லக் மூச்சு விடும்போதெல்லாம் பனி படர்ந்து மறையும்படி செய்தார்கள். கணினி வரைகலையில் கொஞ்சம் கைவைத்திருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கண்ணாடிக்குச் சொரசொரப்பு அளவை 0 என்று வைத்து ரெண்டர் செய்தால் பார்ப்பவருக்கு அங்கே கண்ணாடி இருப்பதே உறைக்காது. நேராகப் பார்த்தால் 4 சதவீதம், விளிம்பை நோக்கிப் போகப்போக அதிகம் என்று பிரதிபலிப்பைக் கூட்டினால்தான் அது பொருளாகவே மாறும். குறை இருந்தால்தான் கண்ணாடி. குறையில்லாத கண்ணாடி வெறும் காற்று.

'கிராவிட்டி'யில் வரும் அந்த நீண்ட ஷாட்டைப் பாருங்கள். விபத்தில் சுழன்றுகொண்டிருக்கும் பெண்ணை நோக்கி கேமரா மெதுவாகப் போகிறது. முகம் பெரிதாகிறது. நிற்கும் என்று நினைக்கும் இடத்தில் நிற்காமல் வைசரைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி, அவள் கண் பார்க்கும் பூமியையும் இருட்டையும் காட்டிவிட்டு மறுபடி வெளியே வருகிறது. தொழில்நுட்பச் சாதனை என்று இதைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் நியாயம். முகத்தைக் காட்டிய படம், முகம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதையும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கத் தெளிவையும் ஒரே ஷாட்டில் கடனில்லாமல் தீர்த்துக்கொண்ட படம் எனக்குத் தெரிந்து இதுதான்.

*

மூச்சுப் பனி என்பது அலங்கார விஷயமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ பயணத்தில் யூஜீன் செர்னன் விண்கலத்தை விட்டு வெளியே வந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருந்தார். பிடித்துக்கொள்ளச் சரியான கைப்பிடிகள் இல்லை, உடல் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக உழைத்தது. வியர்வையை உடையின் குளிர்விப்பு அமைப்பால் சமாளிக்க முடியவில்லை. வைசர் முழுக்கப் பனி. கையால் துடைக்க வழியில்லை, ஏனென்றால் பனி உள்பக்கம். அவர் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை உண்டாக்கி அதன் வழியாகப் பார்த்தார். அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்த முக்கியமான சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வைசரின் உள்பக்கம் பனி படியாமலிருக்க ஒரு திரவம் பூசும் வழக்கம் வந்தது.

சோப்பு போன்ற பொருள்தான். நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவச் செய்துவிடும். துளியாக நின்றால் ஒளியைச் சிதறடிக்கும், படலமாகப் பரவினால் விட்டுவிடும். காஸ்ட்யூம் போடுபவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தைத் துளி எடுத்துத் தேய்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் 2001 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் இந்தத் திரவமே பட்டு எரிச்சல் கண்டது. எடையில்லாத இடத்தில் கண்ணீர் வழியாது. உருண்டையாகச் சேர்ந்து அடுத்த கண்ணுக்கும் போனது. கொஞ்ச நேரம் அவருக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. தெளிவுக்காகப் பூசியது பார்வையைப் பறித்தது. எந்தத் திரைக்கதையாசிரியர் எழுதினாலும் "கொஞ்சம் ஓவரா இருக்கே" என்று சொல்லியிருப்போம்.

*

டேமியன் ஷஸலின் 'ஃபர்ஸ்ட் மேன்' (2018) ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை. அதாவது, அந்தப் புகைப்படத்தில் வைசருக்குள் பொட்டு அளவில் தெரியும் அந்த மனிதரின் கதை. இந்தப் படம் பெரிய எல்இடி திரைகளில் விண்வெளிக் காட்சிகளை ஓடவிட்டு அவற்றின் முன்னால் நடிகர்களைப் படம்பிடித்தது. ஆகவே வைசரில் தெரியும் பிரதிபலிப்புகள் பிறகு ஒட்டியவை அல்ல. நடிகருக்கு முன்னால் அப்போதே ஓடிக்கொண்டிருந்தவை. ராயன் காஸ்லிங் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் கண்ணாடி நமக்குக் காட்டுகிறது. இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் நடிகரின் கண்மணி அசைவுக்கும் கண்ணாடியில் நகரும் ஒளிக்கும் உள்ள பொருத்தத்தை நம் மூளை கணக்குப் போடாமலேயே நம்பிவிடுகிறது.

நிலவில் இறங்கிய பிறகு ஷஸல் துணிந்து ஒரு காரியம் செய்கிறார். தங்க வைசரை இறக்கிவிடுகிறார். படம் முழுக்க நாம் கூடவே வந்த முகம், எல்லோரும் காத்திருந்த தருணத்தில் மறைந்துபோகிறது. தெரிவது நிலவு மட்டும். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவைப் பார்க்கிறார், நாம் ஆர்ம்ஸ்ட்ராங்கில் நிலவைப் பார்க்கிறோம். பிறகு ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று அவர் வைசரை உயர்த்துகிறார். கண்ணீர் நிறைந்த முகம். இறந்துபோன மகளின் கைவளையம் இருட்டுக்குள் விழுகிறது.

அந்தக் கைவளையம் கற்பனை. அவர் நிலவுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுபோனதாகப் பதிவில்லை. இதைப் பற்றி அப்போதே விவாதம் உண்டு. எனக்கு உறுத்தல் கைவளையத்தில் இல்லை, உயர்த்திய வைசரில். அதுவரை படம் காட்டிய ஒழுங்கு அங்கே ஒரு கணம் தளர்கிறது. தன் துக்கத்தை மனைவியிடம்கூடப் பேசாத ஒருவராகத்தான் இரண்டு மணி நேரமாக அவரைக் காட்டியிருக்கிறார்கள். அவர் யாருமில்லாத இடத்தில் முகத்திரையை யாருக்காகத் திறக்கிறார்? நமக்காக. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்காக. ஆனாலும் இந்தக் காட்சி வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம், முகத்தைக் கொஞ்ச நேரமாவது நம்மிடமிருந்து பிடுங்கிவைத்திருந்தார்கள். எப்போதும் தெரியும் முகத்துக்கு, தெரியவரும் தருணம் என்று ஒன்று கிடையாது. 'புரோமிதியஸ்' ஹெல்மெட்டுகளால் இதைச் செய்யவே முடியாது. அங்கே திறப்பதற்கு ஒன்றும் மூடியிருக்கவில்லை.

*

இதுவரை பேசியது முகம் விற்கும் நடிகர்களைப் பற்றி. முகம் தேவைப்படாதவர்களின் ஹெல்மெட் எப்படி இருக்கும்? 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர்களைப் பாருங்கள். கண்ணுக்குப் பச்சைச் சாயமிட்ட பிளாஸ்டிக் துண்டு, சுற்றிலும் வெள்ளைக் கூடு. சில ஹெல்மெட்டுகளில் அந்தத் துண்டு வெளியே புடைத்த குமிழியாக இருந்தது. அதன் வழியே பார்த்தால் உலகம் கோணல்மாணல். அந்தக் கவசத்தைத் திருடிப் போட்டுக்கொள்ளும் லூக், இதில் ஒன்றுமே தெரியவில்லை என்று கதைக்குள்ளேயே புலம்புகிறான். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையும் காட்சியில் ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் கதவின் மேல்விளிம்பில் நங்கென்று தலையை இடித்துக்கொள்வார். அதை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். 2004 டிவிடி பதிப்பில் அந்த இடிக்கு ஒரு சத்தத்தையும் சேர்த்தார்கள். ரசிகர்களுக்கு அது ஒரு செல்லமான ஜோக்.

எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த நொடியில்தான் அந்த வெள்ளைக் கூட்டுக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே ஞாபகத்துக்கு வருகிறது. கண் தெரியாமல், வேர்த்துப்போய், "ஆக்‌ஷன்" என்றதும் நடந்த ஒருவர். முகம் காட்ட வேண்டியவருக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கண்ணாடியையே இல்லாமல் ஆக்குகிறோம். முகம் தேவையில்லாதவருக்கு வழிகூடத் தெரிய வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

நம் ஊரில் மால் வாசலிலும் பிறந்தநாள் விழாவிலும் கார்ட்டூன் தலையை மாட்டிக்கொண்டு குழந்தைகளுக்குக் கைகொடுப்பவர்கள் இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள். பொம்மையின் பெரிய கண்கள் பெயிண்ட். உள்ளே இருப்பவர் பார்ப்பது பெரும்பாலும் பொம்மையின் வாயில் இருக்கும் வலைத்துணி வழியாக. காலடி தெரியாது. குழந்தை எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகிறது என்று தெரியாது. அந்தத் தலையை வடிவமைத்தவர் பொம்மையின் முகத்தை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். பிறகு அந்த வாய் ஓட்டையின் அளவைப் பாருங்கள்.

ஹெல்மெட் செய்யும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். 2000 உப்புத்தாள் வரை தேயுங்கள், பாலிஷில் முக்குங்கள், உள்ளே பழைய லேப்டாப் ஃபேன் ஒன்றை வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், முகத்துக்கு லைட் போடுவதாக இருந்தால் அணைக்க ஒரு சுவிட்சும் கையில் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் மேசைமேல் வைத்துப் போட்டோ எடுப்பதற்கு முன்னால், தலையில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆளைத் துணைக்கு நிறுத்திவிட்டு, மாடிப்படியில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அந்த ஹெல்மெட்டுக்கான முதல் விமர்சனம் அதுதான்.